இருபாற்பண்பும் இருமடிச் சுமையும்: பால்நிலை உளவியல் பற்றி மலையகத்திலிருந்து சில விமர்சனக் குறிப்புகள்

1

ஆணுக்குரிய இயல்புகள் இவை, பெண்ணுக்குரிய இயல்புகள் இவை என வகுத்துரைக்கும் வழக்கம் மிகப் பழையது. பெருமையையும் உரனையும் தலைவனுக்கும், அச்சத்தையும் நாணத்தையும் மடனையும் தலைவிக்கும் உரியனவாகத் தொல்காப்பியக் களவியல் வகுத்திருப்பதைத் தமிழ் பயில்வோர் யாவரும் அறிவர். அது அகத்திணை மாந்தரைப் பற்றிய இலக்கிய விதியாகும். காலப்போக்கில் அவ்விலக்கிய விதி வாழ்க்கை விதியாகவும், பின்னர் இயற்கை விதியாகவும் கொள்ளப்பட்டமை நமது சமுதாய வரலாற்றின் ஒரு கூறு. இருபதாம் நூற்றாண்டில் இதனையொத்த பணியை அறிவியலின் பெயரால் உளவியல் மேற்கொண்டது. 1936 இல் அமெரிக்க உளவியலாளரான ரேமனும் மைல்சும் வெளியிட்ட ஆய்வு, ஆண்மையையும் பெண்மையையும் ஒரே கோட்டின் இரு முனைகளாகக் கொண்டு மனிதரை அளந்தது. ஒரு முனையை நோக்கி நகர்பவர் மற்றைய முனையிலிருந்து விலகியே தீரவேண்டும் என்பது அவ்வளவையின் உட்கிடை. 1955 இல் சமூகவியலாளர் பார்சன்சும் பேல்சும் குடும்பத்தில் தந்தைக்குக் காரியம் முடிக்கும் பங்கையும் தாய்க்கு உணர்வைப் பேணும் பங்கையும் ஒதுக்கி, குடும்பம் இயங்குவதற்கு இப்பகுப்பு உகந்தது என வாதிட்டனர்.

இக்கோட்பாடுகளுக்கு எதிராக 1970 களில் எழுந்ததே இருபாற்பண்பு என்னும் கருத்தாகும். ஆணுக்குரியன எனப்படும் பண்புகளும் பெண்ணுக்குரியன எனப்படும் பண்புகளும் ஒருவரிடத்தே ஒருங்கே அமைந்திருத்தலை இது குறிக்கும். பெண் விடுதலை நோக்குடையோர் இதனை ஆர்வத்துடன் வரவேற்றனர். நமது சூழலிலும் பெண்களின் ஆளுமை வளர்ச்சி, தலைமைத்துவப் பயிற்சி என்பன பற்றிப் பேசப்படும்போது இக்கருத்து பெயர் சொல்லப்படாமலேனும் பின்னணியில் நிற்பதைக் காணலாம். பெண் தன்னிடம் இல்லாத துணிவையும் தன்னம்பிக்கையையும் பெற்றுக்கொண்டால் அவள் நிலை உயரும் என்பதே அப்பயிற்சிகள் யாவற்றினதும் அடிப்படை நம்பிக்கையாகும்.

இந்நம்பிக்கை எவ்வளவு தூரம் பொருந்தும்? நுவரெலியா, ஹற்றன், டிக்கோயா, மஸ்கெலியா, தலவாக்கலை ஆகிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் உழைக்கும் பெண்களின் வாழ்க்கையை உரைகல்லாகக் கொண்டு இக்கருத்தை ஆராய்வதே எமது நோக்கம். மலையகத்தை ஓர் உதாரணமாக மட்டும் நாம் கொள்ளவில்லை. ஒரு கோட்பாடு தான் பிறந்த இடத்திலே வலுவுடன் நிற்பது இயல்பு. அதனை நினைத்தும் பாராத இடத்திலே அது எவ்வாறு நிற்கின்றது என்பதைக் கொண்டே அதன் வலுவை முழுமையாக அறியலாம்.

2

முதலில் இருபாற்பண்புக் கருத்தின் சிறப்பை ஏற்றுக்கொள்ளுதல் முறையாகும். ஆண்மையும் பெண்மையும் ஒரே கோட்டின் இரு முனைகள் என்ற எடுகோளுக்கு ஆதாரம் போதாது என்பதை 1973 இல் ஆன் கொன்ஸ்ரான்ரினோப்பிள் எடுத்துக்காட்டினார். அடுத்த ஆண்டில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சண்ட்ரா பெம் புதிய அளவை ஒன்றை வெளியிட்டார். அதில் 60 பண்புகள் இடம்பெற்றன. அவற்றுள் 20 ஆணுக்குரியனவாகவும், 20 பெண்ணுக்குரியனவாகவும் கருதப்பட்டவை. எஞ்சிய 20 பொதுவானவை. ஒவ்வொரு பண்பும் தமக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை ஒருவர் 1 முதல் 7 வரையான எண்ணால் குறிப்பிடுவார். இங்கு ஆண்மைக்கு ஒரு புள்ளியும் பெண்மைக்கு வேறொரு புள்ளியும் தனித்தனியே பெறப்பட்டமையால், இரண்டிலும் உயர்ந்த புள்ளி பெறுதல் சாத்தியமாயிற்று. ஏறத்தாழ அதே காலத்தில் ஸ்பென்சும் ஹெல்ம்றைக்கும் இதனையொத்த மற்றோர் அளவையை உருவாக்கினர்.

இதன் தேவையை உணர்த்தும் ஆய்வொன்று 1970 இல் வெளிவந்தது. புறோவர்மனும் அவருடன் இணைந்தோரும் மனநல மருத்துவத் துறையைச் சார்ந்த 79 பேரிடம், மனநலம் வாய்ந்த ஆண், மனநலம் வாய்ந்த பெண், பால் சுட்டப்படாத மனநலம் வாய்ந்த வளர்ந்தோர் ஆகியோரின் பண்புகளை வினவினர். மனநலம் வாய்ந்த வளர்ந்தோருக்குக் கூறப்பட்ட பண்புகள் ஆணின் பண்புகளோடு பொருந்தின; பெண்ணின் பண்புகளிலிருந்து வேறுபட்டன. இதனால் விளைவது ஓர் இக்கட்டு. பெண் தனக்கு விதிக்கப்பட்டவாறு நடந்துகொண்டால் முழுமையான வளர்ச்சி பெறாதவளாகிறாள். வளர்ச்சி பெற்றவளாக நடந்துகொண்டால் பெண்மை குன்றியவளாகிறாள். இவ்விக்கட்டிலிருந்து வெளியேறுவதற்கு இருபாற்பண்புக் கருத்து ஒரு வாயிலைத் திறந்தது. இருவகைப் பண்புகளையும் உடையவர் சூழலுக்கேற்ப நெகிழ்ந்து நடப்பர் எனவும், அவரே உளநலத்தில் மேம்பட்டவர் எனவும் பெம் கருதினார்.

ஆயின் அவ்வளவை உருவான முறை கருத்திற்கொள்ளத்தக்கது. அமெரிக்கச் சமுதாயத்தில் ஆணுக்கு விரும்பத்தக்கது எது, பெண்ணுக்கு விரும்பத்தக்கது எது என அந்நாட்டுப் பல்கலைக்கழக மாணவர் கூறிய மதிப்பீடுகளே அதன் மூலப்பொருள். தன்னிலே தங்கியிருத்தல், ஆபத்தை ஏற்கத் துணிதல், தலைமை தாங்கும் ஆற்றல், ஆதிக்கம் செலுத்துதல் முதலியன ஆண் நிரலில் அமைந்தன. விட்டுக்கொடுத்தல், பிறர் துன்பங்கண்டு இரங்குதல், மென்மையாகப் பேசுதல், குழந்தைகள்பால் அன்பு, எளிதில் நம்பிவிடுதல், குழந்தைத்தன்மை என்பன பெண் நிரலில் இடம்பெற்றன. நிரல்களைப் பிரிக்கும் கோட்டைப் பெம் அழிக்கவில்லை. அக்கோட்டின் இருபுறமும் ஒருவரே நிற்கலாம் என்றார். நமது கோயில்களில் உள்ள மாதொருபாகன் திருவுருவம் இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றது. ஒரே திருமேனியில் இருபாலும் இணைந்துள்ளமை உயர்ந்த தத்துவமே. எனினும் வலப்பாகம் எது, இடப்பாகம் எது என்பதில் அங்கும் ஐயத்துக்கு இடமில்லை.

3

இனி மலையகத்துக்கு வருவோம். கொழுந்து பறித்தல் பெண்ணுக்கே இயல்பான தொழில் என்பது தோட்டங்களில் வேரூன்றிய நம்பிக்கை. பெண்ணின் விரல்கள் மெல்லியவை, விரைவானவை, அவள் பொறுமையுடையவள், ஒரே வேலையைச் சலிப்பின்றி நாள் முழுவதும் செய்யக்கூடியவள் என்பன அதற்குக் கூறப்படும் காரணங்கள். இவை பெம் வகுத்த பெண் நிரலின் பண்புகளுக்கு மிக நெருங்கியவை. தேயிலைப் பெட்டிகளிலும் சுற்றுலாச் சுவரொட்டிகளிலும் புன்முறுவலோடு கூடை சுமந்து நிற்கும் பெண்ணுருவம் இந்நம்பிக்கையை உலகெங்கும் கொண்டு சென்றுள்ளது.

வரலாறு இதற்கு முரணாக உள்ளது. இம்மலைகளில் தேயிலைக்கு முன்னர் விளைந்தது கோப்பி. கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பியோருள் பெரும்பான்மையோர் ஆண்களே. அக்காலத்திலே பழம் பறிப்பதற்குப் பெண்ணின் விரல் வேண்டும் என எந்தத் துரையும் கருதியதாகத் தெரியவில்லை. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட்டார். 1869 முதல் பரவிய இலைநோய் கோப்பிப் பயிரை அழிக்கவே, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் உழைப்பாளர் தேவை. குறித்த நாட்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு மலையிலும் கொழுந்து பறிக்கப்பட வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாக மக்களைக் கொணர்ந்து லயங்களில் நிலையாகக் குடியமர்த்துதல் தோட்டச் சொந்தக்காரருக்கு இலாபகரமாயிற்று. குடும்பத்தின் பெண்ணும் பிள்ளையும் குறைந்த கூலிக்குக் கிடைத்தனர். பெண்ணின் விரல்நுனியிலே தொழிற்றிறன் கண்டுபிடிக்கப்பட்டது இதன் பின்னரே. கென்யாவின் கெரிச்சோ தோட்டங்களில் ஆண்களும் பெருந்தொகையாகக் கொழுந்து பறித்து வந்துள்ளனர் என்பதும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

ஏற்றுமதித் தொழிற்சாலைகளில் பணிபுரியும் மூன்றாம் உலகப் பெண்களைப் பற்றி 1981 இல் டயான் எல்சனும் றூத் பியர்சனும் எழுதிய கட்டுரை இதனை விளக்க உதவும். பெண்ணின் விரைவான விரல்கள் பிறப்பில் வந்தவையல்ல; சிறுவயது முதல் வீட்டுவேலைகளில் பெற்ற பயிற்சியின் விளைவு. அப்பயிற்சி பள்ளிக்கு வெளியே, சான்றிதழின்றி நிகழ்வதால் அது பயிற்சியாகக் கணிக்கப்படுவதில்லை. பயிற்சி கணிக்கப்படாதபோது திறன் இயற்கையாகிவிடுகின்றது. இயற்கைக்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. அவர்களது வாதத்தின் சாரம் இதுவே எனலாம். கவ்வாத்து வெட்டும் ஆணின் கைத்திறன் கற்றறிந்த தொழிலாகக் கருதப்பட்டு வர, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக, முற்றல் கலவாமல், மட்டம் குலையாமல் நாள் முழுவதும் கொழுந்தெடுக்கும் பெண்ணின் கைத்திறன் பெண்மையின் ஓர் அம்சமாகவே எண்ணப்பட்டு வந்துள்ளது.

சட்டமும் இதற்குத் துணைநின்றது. 1927 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியத் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்ச வேதனம் விதிக்கப்பட்டபோது ஆண், பெண், சிறுவர் என மூவகை வேதனங்கள் வகுக்கப்பட்டன. தோட்டத்தின் வருவாய்க்கு அடித்தளமான கொழுந்தைப் பறிப்பவளின் நாட்கூலி ஆணின் நாட்கூலியிலும் குறைவாக இருந்தது. 1984 இல் தோட்டத் தொழிற்சங்கங்கள் நடத்திய கூட்டு வேலைநிறுத்தத்தைத் தொடர்ந்தே இருபாலாருக்கும் சமமான நாட்கூலி கிட்டியது. இயற்கையான வேறுபாடு எனப் பல தலைமுறைகளாக நம்பப்பட்டது ஒரு போராட்டத்தின் முன் மறைந்துபோனமையை உளவியல் பயில்வோர் மனங்கொள்ள வேண்டும்.

4

இப்பொழுது மலையகப் பெண்ணிடம் பெம்மின் அளவையைக் கொடுத்துப் பார்ப்பதாகக் கற்பனை செய்வோம்.

அவள் விடியுமுன் எழுகிறாள். அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, பிள்ளைகளை எழுப்பி, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் ஒப்படைத்து, பெரட்டுக்குச் செல்கிறாள். படங்கை இடுப்பிற் சுற்றி, கூடையைத் தலையில் மாட்டி, வழுக்கும் சரிவுகளில் ஏறுகிறாள். அட்டைக்கடியும் குளவிக்கொட்டும் மழையும் பனியும் அவளுடைய அன்றாடம். நிறுவையின்போது கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் நிறை குறைக்கப்பட்டால் கணக்கை மனத்திலே வைத்து வாதாடுகிறாள். குறித்த நிறை தேறாவிட்டால் முழுப்பேர் அரைப்பேராகிவிடும் என்பதை அறிந்து வேகத்தைத் தானே தீர்மானிக்கிறாள். மாலையில் விறகோடு திரும்பிச் சமைக்கிறாள். பிள்ளைகளையும் முதியோரையும் பராமரிக்கிறாள். கடன், சீட்டு, அடகு, திருமணம், மரணம் என்பவற்றுக்கு வழி தேடுகிறாள்.

தன்னிலே தங்கியிருத்தல், ஆபத்தை ஏற்றல், உடலுறுதி, விரைந்து முடிவெடுத்தல், தன் பக்கத்துக்காக வாதாடுதல் ஆகியவற்றிலே அவள் குறைந்த புள்ளியா பெறுவாள்? இரக்கம், பிள்ளையன்பு, பிறர் தேவையை உணர்தல் என்பவற்றிலும் அவள் பின்னிற்கப் போவதில்லை. அளவையின்படி அவள் இருபாற்பண்பு நிறைந்தவள். அக்கோட்பாட்டின்படி நெகிழ்வும் உளநலமும் தன்மதிப்பும் மிகுந்தவளாக அவள் விளங்க வேண்டும். ஆனால் கோட்பாடு வாக்களித்த நன்மை அவளுக்கு வரவில்லை. இரண்டு நிரல்களையும் தன்னிடத்தே கொண்டிருப்பதன் பொருள் அவளைப் பொறுத்தவரை இரண்டு பேருடைய வேலையைச் செய்தல் என்பதாகவே உள்ளது.

ஆணின் வேலைநாள் இதனை மேலும் தெளிவாக்கும். கவ்வாத்து, முள்ளுக்குத்துதல், கான்வெட்டுதல், மருந்தடித்தல் என்பன பெரும்பாலும் ஆண்களுக்கு ஒதுக்கப்பட்டவை. இவை கடினமானவை என்பதில் ஐயமில்லை. எனினும் அவற்றுட் பல இத்தனை செடி, இவ்வளவு தூரம் என அளந்து கொடுக்கப்படுவதால், ஆண் பிற்பகலின் முற்பகுதியிலேயே வேலையை முடித்துத் திரும்புதல் வழக்கமாக இருந்து வந்துள்ளது. பெண் மாலை நிறுவை வரை மலையிலே நிற்கிறாள். 1984 இல் நாட்கூலி சமமாயிற்று; நாள் சமமாகவில்லை. மனைவியின் சம்பளத்தைக் கணவனோ தந்தையோ கையேற்கும் வழக்கமும் தோட்டங்களில் நீண்டகாலம் நிலவியது. றேச்சல் குரியன் 1982 இல் சர்வதேசத் தொழில் நிறுவனத்துக்காக மேற்கொண்ட ஆய்வும், குமாரி ஜயவர்த்தனாவோடு இணைந்து 2015 இல் வெளியிட்ட நூலும் இந்நிலைமையின் வேர்களை விரிவாக எடுத்துரைக்கின்றன.

இங்கே நாம் வற்புறுத்த விரும்புவது, பண்புகளின் பரிமாற்றம் ஒருவழிப் பாதையாக உள்ளது என்பதாகும். பெண் ஆண் நிரலின் பண்புகளைப் பெற்றே வாழ்கிறாள். பெறாவிட்டால் குடும்பம் நிலைக்காது. ஆண் பெண் நிரலின் பண்புகளைப் பெற வேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இல்லை. 1980 களிலிருந்து தோட்டப் பெண்கள் பலர் மத்திய கிழக்கு நாடுகளுக்குப் பணிப்பெண்களாகச் செல்லத் தொடங்கினர். அவ்வாறு தாய் செல்லும் வீடுகளில் பிள்ளைகளின் பராமரிப்பைத் தாமே ஏற்றுத் திறம்படச் செய்த தந்தையர் உளர். ஆயினும் அப்பொறுப்பு பெரும்பாலும் பாட்டியிடமோ மூத்த பெண்பிள்ளையிடமோ போய்ச்சேர்கின்றது. இரண்டு நிரல்களுக்கும் கிடைக்கும் மதிப்பு சமமாக இல்லாதவிடத்து, ஆண் எதற்காகக் கீழான நிரலின் பண்புகளை விரும்பி ஏற்பான்? இருபாற்பண்பு பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட ரெய்லரும் ஹோலும் 1982 இல் இதனையொத்த முடிவுக்கே வந்தனர். உயர்ந்த தன்மதிப்போடு வலுவாகத் தொடர்புற்றிருந்தது ஆண் நிரலே என்பதும், இரண்டின் சேர்க்கையால் தனியானதொரு நன்மை விளைவதற்குச் சான்று போதாது என்பதும் அவர்களது மதிப்பீடு. சமுதாயம் எதற்குப் பரிசளிக்கிறதோ அதுவே உளநலமாக அளவையிலும் பதிவாகிறது.

5

பெண் நிரலை இன்னும் ஒருமுறை உற்றுநோக்குவோம். விட்டுக்கொடுத்தல், எளிதில் நம்புதல், புகழ்ச்சிக்கு மயங்குதல், குழந்தைத்தன்மை, விசுவாசம், கடுஞ்சொல் கூறாமை. இப்பண்புகளை மலையக வரலாற்றில் நாம் வேறோர் இடத்திலும் சந்திக்கிறோம். தோட்டத் துரைமார் எழுதிய நினைவுநூல்களில் தமிழ்த் தொழிலாளி இவ்வாறே வருணிக்கப்படுகிறான். அவன் குழந்தையைப் போன்றவன், பணிவுள்ளவன், எளிதில் ஏமாறுபவன், நல்வார்த்தைக்கு மயங்குபவன், தந்தையின் கண்டிப்பும் கருணையும் அவனுக்குத் தேவை. மாபாப் என்னும் ஆட்சி முறை இவ்வருணனையின் மீதே எழுப்பப்பட்டது. துரை தந்தை, தொழிலாளி பிள்ளை. துரை வரும்போது குடையை மடக்கி ஒதுங்கி நின்றவன் ஆண்மகனே.

ஆகவே பெண் நிரல் எனப்படுவதன் பெரும்பகுதி உண்மையில் ஆளப்படுவோரின் நிரல் என்றே நாம் கருதுகிறோம். ஆதிக்கத்துக்கு உட்பட்ட எந்தக் குழுவின்மீதும் இத்தகைய பண்புகள் ஏற்றப்படுகின்றன என்பதையும், மேலுள்ளோரின் மனக்குறிப்பை அறிந்து நடக்க வேண்டிய கட்டாயத்தினால் அவை ஓரளவு வளர்க்கவும்படுகின்றன என்பதையும் ஜீன் பேக்கர் மில்லர் 1976 இல் விளக்கினார். குடியேற்றவாதம் ஆண்மையை ஆட்சியோடும் பெண்மையை அடிமைத்தனத்தோடும் பிணைத்தமையை அசிஷ் நந்தி 1983 இல் எழுதிய நூல் ஆராய்கின்றது. இந்நோக்கிற் பார்க்கும்போது, இரு நிரல்களையும் ஒருவரிடம் சேர்ப்பது என்பது ஆள்வோனின் இயல்பையும் ஆளப்படுவோனின் இயல்பையும் ஓருள்ளத்தில் வைப்பதாகின்றது. ஆட்சி முறை அவ்வாறே இருக்க உள்ளத்தில் மட்டும் இது எவ்வாறு இணக்கமாக அமையும்?

தோட்டத்து ஆணின் நிலையையும் இதிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம். பெரட்டுக் களத்தில் பிள்ளையாக நடத்தப்பட்டவன், 1948, 1949 ஆம் ஆண்டுச் சட்டங்களால் குடியுரிமையும் வாக்குரிமையும் பறிக்கப்பட்டவன், தன்னை ஆண் என நிறுவிக்கொள்வதற்கு லயத்துக் காம்பராவைத் தவிர வேறோர் இடமும் அற்றவனானான். வீட்டிலே அவன் செலுத்தும் அதிகாரமும் சிலவேளைகளில் வன்முறையும் இதனால் நியாயமாகிவிடா. ஆயினும் அவனது இயல்பே முரட்டுத்தனமானது எனக் கூறும் எழுத்துக்களும் முன்னைய துரைமாரின் பார்வையையே மறுபக்கத்திலிருந்து மீட்டுரைக்கின்றன. அவனும் ஒரு வார்ப்புக்குள் அழுத்தப்பட்டவனே.

பண்புகள் கற்றுக்கொள்ளப்படுவன என்பதை இம்மக்களின் கலைமரபு நன்கறியும். மாசி மாதத்தில் தோட்டந்தோறும் நடைபெறும் காமன் கூத்தில் ரதி வேடத்தை ஆணே ஏற்பது மரபு. விரதமிருந்து, பெண்ணுடை தரித்து, மன்மதன் எரிந்தபின் ரதியின் துயரத்தை அவன் பாடி அழும்போது பார்ப்போரும் அழுகின்றனர். அவனுடைய ஆண்மைக்கு அதனால் இழுக்கு நேர்வதில்லை, அவன் மதிக்கப்படுகிறான். மென்மை, இரக்கம், கண்ணீர் யாவும் ஆணுக்கும் இயலும் என்பதைச் சமூகம் கூத்துக் களத்திலே ஒப்புக்கொள்கின்றது. கூத்து முடிந்து வேடம் கலைந்தபின் அடுப்படிக்கு அவ்வொப்புதல் வந்து சேர்வதில்லை. அதே மரபில், மன்மத வேடத்தைப் பெண் ஏற்பதற்கு இடமில்லாதிருந்தமையும் கருதத்தக்கது.

6

இறுதியாகத் தலைமைத்துவத்தை எடுத்துக்கொள்வோம். பெம்மின் ஆண் நிரலில் தலைமை தாங்குதல் இருவேறு தொடர்களால் இடம்பெற்றுள்ளது. தோட்டத் தொழிலாளரிற் சரிபாதிக்கு மேற்பட்டோர் பெண்களாக இருந்தும், தொழிற்சங்க மேற்பதவிகள் நெடுங்காலம் ஆண்கள் வசமே இருந்து வந்துள்ளன. கொழுந்து மலைகளில் பெண்களை மேற்பார்வை செய்யும் கங்காணியும் பெரும்பாலும் ஆணே. பெண்களிடம் தலைமைப் பண்பு போதாது என்பது இதற்குக் கூறப்படும் விளக்கம்.

வரலாறு இங்கும் வேறு கதை கூறுகிறது. கோ. நடேசய்யர் 1931 இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை ஹற்றனில் நிறுவியபோது, அவரது துணைவியார் மீனாட்சியம்மாள் தோட்டங்கள்தோறும் சென்று, கூட்டங்களில் தாமே இயற்றிய பாடல்களைப் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். பெண்ணின் மென்குரல் எனப்பட்டதே அங்கு கிளர்ச்சியின் கருவியாயிற்று. பெயர் பதியப்படாத எத்தனையோ பெண்கள் கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் எள்ளிப் பாடிய நாட்டார் பாடல்கள், கடுஞ்சொல் கூறாமை பெண்ணியல்பு என்ற கூற்றுக்குத் தக்க மறுமொழியாகும்.

நமது மலைகளுக்கு அப்பால், இதே வரலாற்றைப் பகிர்ந்துகொள்ளும் தமிழ்த் தொழிலாளர் வாழும் கேரளத்து மூணாறு தோட்டங்களில் 2015 செப்டெம்பரில் நிகழ்ந்த வேலைநிறுத்தம் இன்னொரு சான்று. போனஸ் 20 வீதத்திலிருந்து 10 வீதமாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்துப் பெண் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வீதியில் அமர்ந்தனர். நிறுவனத்தை எதிர்த்ததோடு, தம்மைப் பிரதிநிதித்துவப்படுத்துவதாகக் கூறிய ஆண் தலைவர்களையும் அவர்கள் அணுகவிடவில்லை. பெம்பிளை ஒருமை என்னும் பெயர் அங்கேதான் எழுந்தது. ஒன்பது நாட்களில் கோரிக்கை வென்றது. அதற்கு முந்தைய மாதத்தில் இப்பெண்களிடம் தலைமைப் பண்பு இருந்ததா, இல்லையா? அளவை எந்த நாளில் கொடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்து விடை மாறும் எனில், அப்பண்பு தனியாள் ஒருவரின் உள்ளத்தில் மட்டும் உறைவதாகக் கூறுதல் பொருந்தாது. அவ்வமைப்பு பின்னர் பிளவுகளுக்கு உள்ளானமையும் உண்மையே. ஆண்களின் சங்கங்கள் பிளவுபட்டபோது அதற்கு ஆணியல்பை யாரும் காரணமாகக் கூறியதில்லை என்பதையும் சேர்த்து நினைத்தல் தகும்.

2024 இல் நடைபெற்ற இலங்கைப் பாராளுமன்றத் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்திலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளை மாவட்டத்திலிருந்து அம்பிகா சாமுவேலும் தெரிவாகினர். மலையகத் தமிழ்ப் பெண்கள் பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டமை இதுவே முதன்முறை. ஏறத்தாழ இருநூறு ஆண்டுக்கால வரலாற்றைக் கொண்ட சமூகத்தில் இது இவ்வளவு பிந்தி நிகழ்ந்ததற்குப் பெண்களின் உளப்பாங்கைக் காரணமாகக் காட்ட முனைவோர், 1948 முதல் அச்சமூகம் நாடற்றதாக்கப்பட்டிருந்ததையும், 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே குடியுரிமைப் பிரச்சினை பெருமளவு தீர்ந்ததையும், வேட்பாளர் பட்டியல்களை எவர் தயாரித்தனர் என்பதையும் முதலில் ஆராய வேண்டும்.

7

இருபாற்பண்புக் கருத்தின் குறைபாட்டை மிக நேர்மையாக எடுத்துக்காட்டியவர் அதனை உருவாக்கிய சண்ட்ரா பெம் அவர்களே. 1981 இல் அவர் தனியாளின் பண்புகளை அளப்பதிலிருந்து விலகி, சமுதாயம் உலகத்து எல்லாவற்றையும் ஆண், பெண் என்னும் இரு கூடைகளிற் பிரித்துப் போடக் குழந்தைகளை எவ்வாறு பழக்குகின்றது என்பதை ஆராயத் தொடங்கினார். 1993 இல் வெளிவந்த தமது நூலில், ஆணையே அளவுகோலாகக் கொள்ளும் பார்வை, யாவற்றையும் இருபாலாகப் பிளக்கும் பார்வை, அதனைப் பிறப்பியல்பாக விளக்கும் பார்வை ஆகிய மூன்றும் நிறுவனங்களிலே பொதிந்து கிடப்பதை விளக்கினார். 2014 இல் மறைந்த அவ்வறிஞர் தமது புகழ்பெற்ற கருத்தைத் தாமே தாண்டிச் சென்றமை ஆய்வாளருக்கு ஒரு முன்மாதிரியாகும்.

அவர் வந்தடைந்த இடத்துக்கு மலையகம் நம்மை வேறொரு வழியாகக் கொண்டுவந்து சேர்க்கின்றது. இருபாற்பண்புக் கருத்தை முற்றாக ஒதுக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. கொழுந்து பறித்தல் பெண்ணின் பிறவியியல்பு எனவும், பிள்ளை வளர்ப்பு ஆணுக்கு இயலாதது எனவும் கூறுவோருக்கு அது தக்க மறுப்பாகும். ஆயின் பெண்ணின் நிலையை உயர்த்தும் வழியாக அதனை முன்வைக்கும்போது, குறை அவளது உள்ளத்தில் உள்ளது என்ற பழைய தீர்ப்பே புதிய சொற்களில் மீள்கிறது. ஏற்கெனவே இரண்டு நிரல்களையும் சுமந்து நிற்பவளிடம் இன்னுமொரு பயிற்சிப் பட்டறையில் தன்னம்பிக்கை பெறுமாறு கூறுவது அவளைப் பற்றிய அறியாமையின் வெளிப்பாடாகும்.

அவளுக்கு வேண்டியவை வேறு. அவளுடைய வேலைநாள் ஆணின் வேலைநாளோடு சமமாதல், கொழுந்தெடுக்கும் கைத்திறன் கற்றறிந்த தொழிலாக மதிக்கப்பட்டு அதற்கேற்ற கூலி கிடைத்தல், நிறுவையில் அவளது சொல்லுக்கு இடமிருத்தல், சம்பளம் அவளது கையிலேயே சேர்தல், வீட்டுக்கும் காணிக்கும் உரிய உறுதியில் அவளது பெயரும் இடம்பெறுதல், கங்காணிப் பதவி முதல் சங்கத் தலைமை வரை அவளுக்கு வழி திறத்தல், வீட்டுவேலையின் பாதியை ஆண் தன் பொறுப்பாக ஏற்றல். இவற்றுள் இறுதியில் கூறியது மட்டுமே ஆணின் மனமாற்றத்தை நேரடியாக வேண்டுவது. கூத்துக் களத்தில் ரதியாக நின்று அழத் தெரிந்தவனுக்கு அதுவும் இயலாததன்று. ஏனையவை தோட்ட நிருவாகமும் அரசும் சங்கங்களும் செய்யக்கூடியவை, செய்ய வேண்டியவை.

உளவியல் மலையகத்துக்கு வரவேண்டாம் என்பது எமது கருத்தல்ல. அது வருமானால் பண்புப் பட்டியலோடு மட்டும் வராமல், மாலை நிறுவை முடியும்வரை அவளுடன் மலையிலே நின்று, அவளது நாளின் நீளத்தையும் அளந்தபின் எழுதட்டும்.